ஃபாத்திஹா ஓதி முடித்த பாலம்

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் இருப்பார். வாப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள், ஆண்பிள்ளை இல்லை. தான் இருந்த வீட்டையும் அதைச் சுற்றியிருந்த வளவையும் ராத்தாவுக்கு, அதாவது எனக்கு மூத்த அக்காவுக்கு, எழுதிக் கொடுத்தார். கடல் தண்ணீர் உள்ளே ஏறி வருகிற ஓடைக்கு இந்தக் கரையில் அவருக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. அதில் எனக்குக் கல்வீடு கட்டித் தந்தார். அந்தக் கரையை விட்டு வர மனமில்லாமல் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன புள்ள, நடுவில பாலம் கிடக்குதானே. அதையும் வளவுக்குள்ள சேத்துக்கொள்ளு" என்றார் வாப்பா.

அவர் சொன்ன மாதிரியே நான் அதை வளவுக்குள் சேர்த்துக்கொண்டேன். வீட்டுச் செருப்போடு போவேன், வருவேன். ஒரு கோப்பையில் கறியை ஊற்றி மேலே பீங்கானால் மூடிக்கொண்டு போனால் ராத்தா வீட்டு வாசலிலும் அது சூடாகவே இருக்கும். வெள்ளைக்காரன் துறைமுகத்தில் இருந்த காலத்தில் போட்ட இரும்புப் பாலம் அது. லொறி போகாது. ஆட்டோவும் சைக்கிளும் ஆடுகளும் போகும். சண்டைக் காலத்தில் ஒரு தலைப்பில் ஆமிக்காரரின் சென்றி இருந்தது, ஐடென்டிகாட்டைக் காட்டிவிட்டுக் கறிக்கோப்பையோடு போயிருக்கிறேன். சுனாமியில் கடல் வந்த வருஷம் கைபிடி வரைக்கும் தண்ணீர் ஏறி நின்றது. எல்லாவற்றையும் தாங்கிக்கொண்ட அந்தப் பாலத்தை உப்புக்காற்று மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது.

ராத்தாவையும் அதுபோல ஒன்று தின்றது. சீனி வருத்தம், நீரிழிவு. முதலில் கண் மங்கியது. வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. அவரைக் கட்டிய மனிசன் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார். இரண்டு மகன்மாரும் மனைவிமாரின் ஊரில் வீடெடுத்துப் போய், அங்கேயிருந்து கத்தாருக்குப் போய்விட்டார்கள். பெண்பிள்ளை இல்லாத வீட்டில் கடைசியில் தாய் தனியாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வழக்கத்தில் அப்படித்தான் முடிகிறது. எனக்கும் ஆண்பிள்ளைகள்தான். ஆனால் என்னோடு என் மனிசன் இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே ராத்தாவுக்கு இன்சுலின் ஊசி போடுவது என் வேலையானது. விடியலில் சுபஹ் தொழுதுவிட்டுப் பாலத்தைக் கடந்து போவேன். முதலில் அவரைத் தொழுகைக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். வாளியில் தண்ணீர் அள்ளி வைத்து, அவர் ஒளு எடுக்கும்போது கால்களை நான்தான் கழுவி விடுவேன், ஏனென்றால் குனிந்தால் அவருக்குத் தலை சுற்றும். விரல் இடுக்குகளில் தண்ணீர் போக வேண்டும் என்று மார்க்கம் சொல்கிறது. விரலை விரித்துக் கழுவி, துவாயால் துடைப்பேன். அதன் பிறகு அவர் தொழுவார், நான் ஊசி போடுவேன், இரண்டு பேரும் இடியப்பம் தின்போம். பின்னேரம் அஸருக்குப் பிறகு இன்னொரு தடவை போய் வருவேன். என் நாள் இந்த இரண்டு நடைக்கு நடுவில்தான் இருந்தது.

பாலத்தில் ஓட்டை விழத் தொடங்கியதும் எனக்கு முதலில் வந்த பயம் பாலத்தைப் பற்றியது அல்ல. ராத்தாவைப் பற்றியது.

ஒரு நாள் ஆட்டோ ஒன்றின் சில்லு தகட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, ஒரு சப்பாத்து மட்டும் ஓடையில் போனது. அன்று முழுக்க இரண்டு கரையிலும் இதே கதைதான். தகடு போட்டுத் திருத்தி ஆட்கள் மட்டும் நடக்கிற பாலமாக வைத்திருக்கலாம் என்றார்கள் சிலர். உடைத்துவிட்டு பஸ் போகிற மாதிரிப் பெரிதாகக் கட்ட வேண்டும் என்றார்கள் வேறு சிலர். நான் திருத்துகிற பக்கம். அதை மறைக்கவும் இல்லை.

ராத்தா உடைக்கிற பக்கம்.

"உங்களுக்கு விளங்குதா ராத்தா? உடைச்சா நான் எப்படி வாறது?"

"நீ வாறதுக்காக ஆரோ பெத்த புள்ள விழணுமா? எனக்குக் கண்தான் இல்ல, காது இருக்கு. அதுகள் பாலத்தால ஓடுற நேரம் தகடு போடுற சத்தம் எனக்குத்தான் கேக்கும். ஒவ்வொரு நாளும் கடைசிப் புள்ள கடக்கும்வரைக்கும் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டு இருக்கிறன்."

"புதுப் பாலம் வர எவ்வளவு காலம் செல்லுமோ."

"வரும். இன்ஷா அல்லாஹ் வரும். அதுவரைக்கும் நீ நீந்தி வா. சின்ன வயசில நீந்தினதானே, வாப்பாக்குத் தெரியாம."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் கூட்டம் வைத்தார்கள். இஞ்சினியர் வந்திருந்தார். வேறு சமயத்தவர், தன்மையான மனிதர், நன்றாகத் தமிழ் கதைத்தார். பள்ளிவாசல் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஆனால் ஒலிபெருக்கியைப் போட்டே வைத்திருந்தார்கள், இரண்டு கரையிலும் எல்லா வீட்டுக்கும் கேட்டது. நான் ராத்தா வீட்டு விறாந்தையில் அவரோடு இருந்து கேட்டேன். பாலத்தில் அதிகம் நடக்கிறவர்கள் நாங்கள். எங்களுக்கு எல்லாம் கேட்கும், எங்கள் பதில்தான் அங்கே கேட்காது.

இஞ்சினியர் இரண்டு வழியையும் சொன்னார். திருத்தலாம், ஆனால் கொஞ்சக் காலம்தான் தாங்கும். புதிதாகக் கட்டலாம், அதற்கு முதலில் பழையதைக் கழற்ற வேண்டும், ஏனென்றால் ஓடை ஒடுங்கிய இடம் அது ஒன்றுதான்.

அப்போது என் மனிசனின் குரல் கேட்டது. அவர் கூட்டங்களில் வாய் திறக்கிறவர் அல்ல. கப்பல்துறைப் பக்கம் ஓர் அரிசி மில்லில் வேலை, மெசின் சத்தத்தில் இருந்து இருந்து கதையே குறைந்து போனவர்.

"ஒரு கேள்வி. புதுசு வருமட்டும் சனம் எப்படிக் கடக்கிறது?"

"தற்காலிகமா ஒரு நடைபாலம் போடுறது பற்றிப் பாக்கலாம்" என்றார் இஞ்சினியர்.

"பாக்கலாமா, போடுவீங்களா?" இது மீன் வியாபாரி ஒருவர். "எங்கட வீட்டிலயும் இப்படித்தான், நகை வாங்குறதப் பற்றிப் பாக்கலாம் எண்டு நான் சொல்லி இருவது வருஷம்."

சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தச் சிரிப்பிலே கேள்வி அமிழ்ந்து போனது. பள்ளிவாசல் தலைவர், "சரி, நல்ல விசயம், எல்லாருக்கும் சந்தோசம். புதுப் பாலம்தான். ஃபாத்திஹா ஓதுவம்" என்றார்.

ஓதினார்கள். விறாந்தையில் இருந்த ராத்தாவும் இரண்டு கையையும் ஏந்தி ஓதி, ஆமீன் சொல்லி முகத்தில் தடவிக்கொண்டார். நானும் ஓதினேன். ஃபாத்திஹாவை ஓதாமல் எப்படி இருப்பது?

இதை வெளியூர் ஆட்களுக்கு விளங்கப்படுத்த வேண்டும். ஃபாத்திஹா குர்ஆனின் முதல் அத்தியாயம். எங்களிடம் ஒரு விஷயத்தைக் கதைத்து ஃபாத்திஹா ஓதிவிட்டால் அது முடிந்தது. கல்யாணப் பேச்சானாலும் காணித் தகராறானாலும் பிறகு ஒருவரும் அதைத் திருப்பிக் கிளற மாட்டார்கள். அல்லாஹ்வை வைத்து முடித்ததை மனிதன் அவிழ்ப்பது மரியாதை இல்லை, அதபு இல்லை. இந்த வழக்கத்தால் எத்தனையோ சண்டைகள் எங்கள் ஊரில் அடங்கியிருக்கின்றன, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இஞ்சினியருக்கு இது தெரியாது. கூட்டம் முடிந்தால் துஆக் கேட்பார்களாக்கும் என்று நினைத்திருக்கிறார். இன்னொரு நாள் இரண்டு வழிக்கும் படம் வரைந்து எடுத்துக்கொண்டு வந்தாராம். நடைபாலத்தை எங்கே போடலாம், அதற்கு எங்கே எழுதிக் கேட்க வேண்டும் என்றெல்லாம் ஊராரோடு இருந்து கதைக்கத்தான் வந்திருக்கிறார். "அது அண்டைக்கே முடிஞ்சுது சேர், நீங்க வேலையத் தொடங்குங்க" என்று சொல்லி, அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பி விட்டார்கள். ஊருக்கு நடைபாலம் அவ்வளவு தேவையில்லை போலும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் போடுவார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் நல்ல எண்ணத்தோடுதான் இருந்தார்கள்.

பாலத்தைக் கழற்ற ஆட்கள் வந்த பிறகுதான் நடைபாலத்துக்கு ஒரு மரக்கட்டைகூட வரவில்லை என்று தெரிந்தது. என் மனிசன் தலைவர் வீட்டுக்குப் போனார். போன மாதிரியே திரும்பி வந்து, ஷேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"என்ன சொன்னார்?"

"ஃபாத்திஹா ஓதின விசயத்தத் திருப்பிக் கதைக்கிறதா எண்டு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்ல? நானும்தானே ஓதின."

இரும்பை வெட்டுகிற சத்தம் பல நாள் கேட்டது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், ஓடை சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் ராத்தா வீட்டுக் கூரையும் முருங்கை மரமும் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றன. அங்கே போக இப்போது பெருவீதிக்கு நடந்து, பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி, உள்ளே நடக்க வேண்டும். விடிந்ததும் வெளிக்கிட்டால் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குத்தான் போய்ச் சேரலாம். சுபஹுக்குப் பிறகு போட வேண்டிய ஊசிக்கு அந்த வழி உதவாது. ஓடையில் தோணியும் விட முடியாது, வற்றில் சேறு, பெருக்கில் இழுப்பு.

ராத்தாவை என்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

"உன்ட மனிசன் இருக்கிற வீட்டில ராவும் பகலும் முக்காட்டோட இருக்க என்னால ஏலாது புள்ள. இந்த வேர்வைக்குள்ள."

"அப்ப நான் அங்க வந்து இருக்கிறன்."

"மச்சானுக்கு ஆர் சோறாக்கிறது? மனிசன விட்டுட்டு வந்து இருக்காத. அல்லாஹ்வுக்குப் பொருந்தாது."

கடைசியில் அவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஊசி போடப் பழக்கினேன். நல்ல மனுசி. கை நடுங்காமல் அளவு பார்த்துப் போடுவார். சோறு கறியும் கொடுப்பார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை, அவருக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும்.

காலையில் நான் இந்தக் கரையில் போய் நிற்பேன். ராத்தா அந்தக் கரையில், வீட்டுக்குப் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு இருப்பார். இரண்டு பேரும் போனில் கதைப்போம்.

"நான் தெரியுறனா?"

"ஓம் ஓம், பச்சைச் சீலை."

"நான் கறுப்பு அபாயா போட்டிருக்கிறன் ராத்தா."

"அப்ப அது வாழை மரம். அதுக்குத்தானா இவ்வளவு நேரமும் கையக் காட்டின? ச்சீ, மரம் என்ன நினைச்சிருக்கும்."

ஓடை இரண்டு பேரின் சிரிப்பையும் வாங்கிக்கொள்ளும். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியாது. அதனால் நான் அழுதாலும் குரலை மட்டும் சரியாக வைத்துக்கொண்டால் போதும்.

மாரி தொடங்கிய நேரம் ஒரு நாள், அவர் கதிரைக்கு வந்த நடை எனக்குப் பிடிக்கவில்லை. வலது காலைப் பக்கவாட்டாக வைத்து வந்தார். கேட்டேன். செருப்புக் கடித்தது என்றார். நோகுதா என்று கேட்டேன்.

"நோவெல்லாம் ஒண்டும் இல்ல."

அந்தப் பதில்தான் எனக்குள் பயத்தைப் போட்டது. இழுத்து நடக்கிற காலில் நோவு இல்லையென்றால்? அடுத்த நாள் விடிந்ததும் பஸ் ஏறிப் போனேன். போய் அவருடைய சீலையை உயர்த்திக் காலைப் பார்த்தேன். சின்ன விரலும் அடுத்த விரலும் கறுத்து, இடுக்கில் சீழ் வைத்திருந்தது. வீட்டில் அந்த நாற்றம் இருந்தது, அதை அமுக்க அவர் சாம்பிராணி போட்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஊசியத்தான் பாத்தன், காலப் பாக்கோணும் எண்டு எனக்குத் தெரியாதே" என்று அழுதார். அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. பெரியாஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "இவ்வளவு காலமும் இவவின்ட காலை ஆரோ ஒவ்வொரு நாளும் கவனமாப் பாத்திருக்கினம். ஆர் அது?" நான் ஒருநாளும் காலைப் பார்த்ததில்லை. தொழுகைக்குக் கழுவி விட்டேன், அவ்வளவுதான். விரலை விரித்துக் கழுவித் துடைக்கும்போது கண் பார்த்திருக்கிறது, மனம் அறியவில்லை. ஊசியை மருந்து என்று நினைத்து இன்னொருவருக்குப் பழக்கினேன். கால் கழுவுவதை இபாதத், அல்லாஹ்வுக்குச் செய்யும் வணக்கம் என்று நினைத்ததால் ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாலத்தோடு அது போனது எங்களில் ஒருவருக்கும் தெரியாமலே போனது.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ராத்தாவை என் வீட்டுக்குத்தான் கொண்டு வந்தேன். அந்த நேரம் அவரும் மறுக்காமல் வந்தார். நடு அறையைக் கொடுத்தோம். என் மனிசன் விறாந்தையில் பாயைப் போட்டுக்கொண்டார். கேற்றைத் திறக்கும்போதே தொண்டையைக் கனைப்பார், குசினிக்குப் போகப் பின்பக்கத்தால் சுற்றி வருவார். தன் வீட்டிலேயே ஒரு விருந்தாளியைப் போல் நடந்தார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்படி இருந்தும் ராத்தா முக்காட்டை எடுக்கவில்லை. வெக்கையில் கழுத்தெல்லாம் வேர்க்குரு போட்டது. "இப்ப ஆளில்ல, கழட்டுங்க" என்பேன். "வந்திட்டா எழும்பி ஓடுறதுக்கு எனக்குக் கால் இல்லையே" என்பார். விளையாட்டாகச் சொல்வதா வினையாகச் சொல்வதா என்று எனக்கு விளங்காது.

புதுப் பாலத்துக்கென்று ஓடையில் நட்ட கொங்கிறீட் தூண்கள் அப்படியே நின்றன. மேலே ஒன்றும் வரவில்லை. காசு வரவில்லை என்றார்கள், ஆள் மாறிவிட்டது என்றார்கள். தூண்களில் நீர்க்காகங்கள் இறகைக் காய வைத்துக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெருவீதியால் சுற்றி வான் வண்டியில் அனுப்பினார்கள், ஒரு பிள்ளையும் ஓடையில் விழவில்லை. ராத்தா கேட்டது அதுதான், அது நடந்தது. இதையும் நான் எழுத வேண்டும்.

எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு மூலையில் ஆறுதலாகக்கூட இருந்தது. ராத்தா என் கைக்குள் இருக்கிறார். இனிப் பாலம் வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. கறியைக் கோப்பையில் மூடிக்கொண்டு போக வேண்டியதில்லை, அகப்பையால் அள்ளிப் பீங்கானில் வைத்தால் போதும்.

ஒரு நாள் அவர் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நான் வீட்ட போகப் போறன்."

"பாலம் வரட்டும் ராத்தா."

"பாலத்த விடு. பெரிய மகனுக்குச் சொல்லிட்டன், அவன் ஆள் தேடிட்டான். குச்சவெளிப் பக்கம் ஒரு பொம்புள, மனிசன் இல்லாத ஆள். என்னோட நிண்டு பாக்குமாம். ஊசியும் தெரியுமாம், காலும் பாக்கும். பாக்கிறதுக்கு ஒண்டுதானே கிடக்கு, லேசு."

"இங்க என்ன குறை வைச்சனான்?" குரல் எனக்கு உயர்ந்துவிட்டது.

"குறை இல்ல. உனக்கு வாப்பா தந்தது இது. எனக்குத் தந்தது அது. பொம்புளைக்கு வீட்டைக் கொடுக்கிறது ஏன்? தலைய மூடாம இருக்க ஒரு இடம் வேணும் எண்டுதான்."

"தனிய ராத்தா..."

"மையித்தாத் தூக்கிக்கொண்டு போவீங்கதானே எண்டைக்காவது. அதுக்கு முதல் நான் உசிரோட ஒருக்காப் போறன். அழாத, இடியப்பத்தில உப்புக் கூடிடும்."

என் மனிசன்தான் வான் பிடித்துக்கொண்டு வந்தார். அவரும் சாரதியுமாகக் கதிரையோடு தூக்கி ஏற்றினார்கள். தூக்கும்போது என் மனிசன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பியே வைத்திருந்தார். சாரதி விடயம் தெரியாமல், "எங்க உம்மா, கிளினிக்கா?" என்று கேட்டார். "இல்ல மகன், மாப்பிள்ள வீட்டுக்கு" என்றார் ராத்தா. சாரதி சிரித்தார். நானும் கூட ஏறப் போனேன். "நீ வந்தா நான் இறங்க மாட்டன், உன்னோட திரும்பி வந்திடுவன்" என்று சொல்லி என் கையைப் பிடித்து இறக்கி விட்டார். அந்தக் கை எப்போதும் போலக் குளிர்ந்திருந்தது.

வான் பெருவீதிப் பக்கம் திரும்பியது. நான் ஓடைக்கரைக்குப் போகவில்லை. அறையைக் கூட்டினேன். தலையணை உறையைக் கழற்றி ஊற வைத்தேன். லுஹர் தொழுதேன், ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்து நீண்ட நேரம் கிடந்தேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. பாலத்தைக் கேட்பதா, கால் போனதற்குப் பொறுமையைக் கேட்பதா, இரண்டுமில்லாமல் என் வீட்டில் அவரைத் தா என்று கேட்பதா? ஒன்றும் கேட்காமலே எழும்பினேன். அவன் அறிந்தவன்.

அஸருக்குப் பாங்கு சொல்கிற நேரம் போன் அடித்தது.

"வந்து சேந்திட்டன் புள்ள. வீடெல்லாம் தூசி. முருங்கை முறிஞ்சு கூரையில கிடக்கு."

"சாப்பிட்டீங்களா? ஊசி?"

"எல்லாம் ஆச்சு. அந்தப் பொம்புள கெட்டிக்காரி, உன்னைப்போல ஏச மாட்டா." பிறகு சொன்னார், "முக்காட்டக் கழட்டிட்டன். பின்கதவத் திறந்து வைச்சிட்டு இருக்கிறன். காத்து நல்லா வருது."

நான் "ஓம் ராத்தா" என்றேன். அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பாங்கு முடியுமட்டும் இரண்டு கரையிலும் அப்படியே இருந்தோம்.